அளவு நான்கு

கிரிம்ஸ்பி தீயணைப்பு நிலையத்தின் பின்கட்டில்
இரும்பு அலமாரிகளோடு இருபத்தெட்டு வருடம் இருந்தவன் நான்.
ஒரு தீயையும் அணைத்ததில்லை.
கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுப்பேன்,
கந்தலானதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

கேனர் ட்ரூரி வேலைக்குச் சேர்ந்த அன்று
என்னிடமிருந்த ஆகச் சிறிய பூட்ஸ், அளவு ஏழு.
அவள் பாதமோ நான்கு.
"கால்பந்து சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொள்" என்றேன்.
வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்தான்.
பேரேட்டில் கையெழுத்திட்டாள்.
ஏழுக்குப் பக்கத்தில், பென்சிலால்,
பொடியாக ஒரு நான்கு எழுதிவிட்டுப் போனாள்.
அழிக்கலாமென்று ரப்பர் தேடினேன்.
அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
திரும்பி வந்த உருப்படிகள் சொன்னவை.
உள்ளங்கை தேய்ந்த கையுறை.
முழங்கால் இரண்டும் பிய்ந்த கால்சட்டை.
ஒருமுறை சட்டைப் பையில்
நனைந்து உலர்ந்து மொடமொடத்த காகிதம்:
குழாயின் விட்டம், நீரின் அழுத்தம்,
உராய்வினால் ஆகும் இழப்பு.
தேர்வுக்குப் படித்திருக்கிறாள்,
சைரன் அலறும் வண்டிக்குள் உட்கார்ந்து.

மூன்று முறை தேறினாள்.
நேர்காணலில் மூன்று முறையும் சொன்னார்கள்,
"இன்னும் கொஞ்சம்."
கொஞ்சம் என்பது எந்த அளவு?
என் அலமாரியில் அப்படி ஒரு சீட்டு இல்லை.

நான்காம் முறை
மஞ்சள் தலைக்கவசத்தில் கறுப்புக் கோடு ஒட்டினேன்.
கோணலாகிவிட்டது. உரித்து மறுபடி ஒட்டினேன்.
ஐந்து வருடம் கழித்து இரண்டாவது கோடு.
பிறகு வெள்ளைக் கவசம்.
அதோடு ஒரு விசில், விலை ஒரு பவுண்டு எண்பது.

அந்த விசிலை அவள் ஊதியது ஒரு ஜனவரி இரவில்,
துறைமுகத்துக் குளிர்கிடங்கு எரிந்தபோது.
உள்ளே அவளுடைய ஆட்கள் ஆறு பேர்,
எண்ணூறு டன் மீன்.
"இன்னும் ஐந்தே நிமிடம்!" என்று வானொலியில் கத்தினார்கள்.
அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்,
ஆறாவது ஆள் வெளியே வந்து
கவசத்தைக் கழற்றித் தரையில் எறியும்வரை.

கூரை விழவில்லை.
அதுதான் சிக்கல்.
விழுந்திருந்தால் அவளைத் தோளில் தூக்கியிருப்பார்கள்.
நின்றது, மறுநாளும் நின்றது,
பத்தாம் நாள் கிரேன் வந்து இடிக்கும்வரை
கருகி நின்று அவளைக் காட்டிக்கொடுத்தது.
ஊரெங்கும் ஒரு வாரம் தீய்ந்த மீன் வாடை.
முதலாளிகள் பத்திரிகையில் எழுதினார்கள், பெண் புத்தி என்று.
அவளுடைய அணியில் இருவர்
அவளோடு தேநீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள்,
விசில் கொடுத்ததற்குச் சான்று வேண்டுமாம்.
பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.
"எதை வைத்து முடிவு செய்தீர்கள்?"
"மேல்தளத்துப் பலகை வீங்கியது."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.
பலகை என்றால் என்னவென்று
அந்த மேசையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்;
இரண்டு வருடம் கழித்து
மாவட்டம் முழுவதும் அவள் பொறுப்புக்கு வந்தது.

புதிய அலுவலகத்திலிருந்து அவள் அனுப்பிய முதல் தாளை
நான் பிரித்தேன்.
பூட்ஸ், அளவு நான்கு, மூன்று ஜோடி.
அளவு மூன்று, ஒரு ஜோடி.
தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்,
"யாருக்கு?"
"அலமாரிக்கு" என்றாள்.

தணிக்கைக்காரர் வருடாவருடம் கேட்டார்,
இந்தச் செத்த சரக்கு எதற்கென்று.
'இருப்பில் உள்ளது' என்று எழுதினேன்.
தூசி தட்டினேன்.
தோல் வெடிக்காமலிருக்க மெழுகும் தடவினேன்.
அது என் வேலையில் சேர்த்தியில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை,
கிர்ஸ்டி மம்பி என்றொரு பெண் வந்தாள்,
மழையில் நனைந்த தலையோடு.
காலை நுழைத்து, எழுந்து, இரண்டு முறை குதித்தாள்.
பேரேட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன்.
பென்சிலையும் பக்கத்தில் வைத்துவிட்டுக்
காத்திருந்தேன்.

கையெழுத்து மட்டும் போட்டாள்.
வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை அவளுக்கு.